கேட்டதும் சொல்வதும்: பட்டியல் தர மறுத்ததால் பிறந்த ஒரு பல்கலைக்கழகம்

உயர்தரப் பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வெளிவரும் காலத்தில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் பல்கலைக்கழகம் பற்றியவையாகவே இருக்கும். இம்முறை வந்தவற்றில் தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவரின் கடிதத்தையே போட்டிருக்கிறேன்.

என் மகன் வணிகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் வரவில்லை. சிக்காகோவில் இருக்கும் என் தம்பி அங்குள்ள ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். அது தனியார் பல்கலைக்கழகம் என்று அறிந்ததும் வீட்டிலுள்ளவர்கள் "காசுக்குப் பட்டம் விற்கிற இடமோ" என்று கேட்கிறார்கள். அதன் வரலாறு என்ன? நம்பி அனுப்பலாமா?
— ஒரு தாய், கல்லடி

நம்பலாம் அம்மா. உங்கள் வீட்டார் கேட்டதிலும் பிழையில்லை. "தனியார்" என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒட்டிக்கொண்ட கறை அப்படிப்பட்டது. அமெரிக்காவில் ஹார்வர்டும் யேலும் தனியார் பல்கலைக்கழகங்களே. அங்கே அந்தச் சொல்லுக்கு அரசாங்கம் நடத்தாதது என்பதற்கு மேல் பொருளில்லை. அவற்றுள் பெரும்பாலானவை இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள உரிமையாளர் எவருமில்லாத அறநிலையங்கள். இலாபத்துக்கென்றே நடத்தப்படும் இன்னொரு வகையும் உண்டு. அந்த வகையைத்தான் விசாரித்துப் பார்த்து ஒதுங்க வேண்டும். ரூஸ்வெல்ட் முதல் வகையைச் சேர்ந்தது. இது நமக்குப் புதிய ஏற்பாடுமல்ல: காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931 இல் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றமர்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1929 இல் அண்ணாமலை செட்டியாரின் கொடையில் எழுந்ததுதான்.

ரூஸ்வெல்டின் கதை ஒரு மறுப்பிலிருந்து தொடங்குகிறது. வை.எம்.சி.ஏ. என்ற பெயர் மட்டக்களப்பு வாசகர்களுக்குப் பழக்கமானது. அமெரிக்க நகரங்களில் அந்தச் சங்கம், பகலில் வேலை செய்யும் இளைஞர்களுக்காக மாலை வகுப்புகளை நடத்தி வந்தது. அவற்றுட் சில பின்னாளில் கல்லூரிகளாக வளர்ந்தன. பொஸ்டனின் நோர்த்ஈஸ்டர்ன், சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் ஆகிய பல்கலைக்கழகங்கள் இரண்டும் அந்த வேரிலிருந்து வந்தவையே. சிக்காகோவிலும் அப்படி ஒரு கல்லூரி இருந்தது. 1936 முதல் அதன் தலைவராக இருந்த எட்வர்ட் ஸ்பார்லிங்கிடம், மாணவர்களில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று எண்ணித் தருமாறு நிருவாக சபை கேட்டது. கறுப்பின மாணவருக்கும் யூத மாணவருக்கும் இத்தனைக்கு மேல் இடமில்லை என்று வரம்பு கட்டுவதற்கே அந்தக் கணக்கு கேட்கப்படுகிறது என்று ஸ்பார்லிங் அஞ்சினார். அக்காலத்தில் பேர் பெற்ற பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் யூத மாணவரை அப்படித்தான் மட்டுப்படுத்தி வந்தன என்பதால் அவருடைய அச்சம் வெறும் ஐயமாக இருக்கவில்லை. கணக்கைத் தர மறுத்த அவர் 1945 ஏப்ரலில் பதவி விலகினார்.

தலைவர் ஒருவர் விலகுவதில் வியப்பில்லை. வியப்பு அதன் பின்னர் நடந்ததில் இருக்கிறது. அவருடன் வெளியேறுவதா என்று வாக்கெடுத்தபோது ஆசிரியர்கள் 62 பேர் ஆம் என்றனர், ஒருவர் இல்லை என்றார். மாணவர்கள் 488 பேர் ஆம் என்றனர், இருவர் இல்லை என்றனர். (அந்த ஒருவரும் அந்த இருவரும் யாராக இருந்திருப்பார்கள் என்று அறிய எனக்கு எப்போதும் ஓர் ஆசை உண்டு.) கட்டடம் இல்லை, நூலகம் இல்லை, கையிருப்புப் பணமும் இல்லை. முதலில் தோமஸ் ஜெபர்சனின் பெயரில்தான் புதிய கல்லூரியைப் பதிந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் அந்த ஏப்ரல் 12 ஆம் திகதி காலமாகியிருந்ததால், அவருடைய மனைவி எலினோரின் இசைவைப் பெற்று ரூஸ்வெல்ட் கல்லூரி என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அவ்வாண்டு நவம்பரில் எலினோர் அம்மையாரே வந்து கல்லூரியை முறைப்படி தொடக்கி வைத்தார். ஆலோசனைச் சபையில் அறிவியலாளர் ஐன்ஸ்டைனும் பாடகி மரியன் அண்டர்சனும் எழுத்தாளர் தோமஸ் மானும் பெயர் கொடுத்தார்கள். பெரியவர்களின் பெயர் பலகையை அழகாக்குமே தவிர வாடகையைக் கட்டாது. கல்லூரியைத் தூக்கி நிறுத்திய பெரும் கை, போரிலிருந்து திரும்பிய படையினரின் படிப்புச் செலவை அரசாங்கமே ஏற்க வழிசெய்த 1944 ஆம் ஆண்டுச் சட்டம். அப்படித் திரும்பி வந்து இங்கே படித்து 1949 இல் பட்டம் பெற்றவர்தான் ஹரோல்ட் வாஷிங்டன். 1983 இல் சிக்காகோவின் முதல் கறுப்பின மேயராகத் தெரிவானவர்.

கடன் வாங்கிய கூரையின் கீழ் தொடங்கியதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். நமது கிழக்குப் பல்கலைக்கழகமும் 1981 ஆகஸ்ட் 1 ஆம் திகதி, வந்தாறுமூலையில் ஒரு பாடசாலையின் வளாகத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில்தான் முழுப் பல்கலைக்கழகமானது.

நகரத்தின் நடுவே, விளையாட்டுத் திடலும் மரநிழலும் இல்லாமல் ஒரே கட்டடத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் என்று ரூஸ்வெல்டைப் பற்றிச் சொல்கிறார்கள். உண்மையா? அங்கே இசை கற்பிக்கிறார்களா?
— இசைத்துறை மாணவி, மட்டக்களப்பு

பெரும்பாலும் உண்மை. கட்டடம்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருஞ்சொத்து. சில காலம் பெருஞ்சுமையாகவும் இருந்தது. மிச்சிகன் அவெனியூவில் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஓடிட்டோரியம் கட்டடம், அட்லர், சலிவன் என்ற இரு கட்டடக் கலைஞர்களின் கையில் 1889 இல் நிறைவு பெற்றது. நடுவில் நாலாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கம், அதைச் சுற்றி ஹோட்டலும் அலுவலக அறைகளும் என்று அமைத்திருந்தார்கள். காலம் மாறி, 1941 இல் அரங்கம் மூடப்பட்டது. போர்க்காலத்தில் படையினரின் பொழுதுபோக்கு நிலையமாகி, பாட்டுக் கேட்ட மேடையில் பந்து உருட்டும் பாதை போடப்பட்டது. விலைபோகாமல் கிடந்த இந்தப் பெரிய உடலை ரூஸ்வெல்ட் கல்லூரி 1946 இல் வாங்கி, அடுத்த ஆண்டில் குடிபுகுந்தது. ஹோட்டல் அறைகள் வகுப்பறைகளாயின. பத்தாம் மாடியில் வளைகூரையின் கீழ் இருந்த விருந்து மண்டபம் நூலகமாயிற்று. பரிமாறுவோர் தட்டோடு நடந்த இடத்தில் இன்று மாணவர் புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறார்கள். அரங்கத்தைச் செப்பனிடப் பணம் சேர்க்கவே இருபது ஆண்டு பிடித்தது. 1967 ஒக்டோபர் 31 ஆம் திகதிதான் அதன் திரை மீண்டும் உயர்ந்தது. 2012 இல் இதன் பின்புறத்தில் 32 மாடிக் கோபுரம் ஒன்றை எழுப்பி, ஆய்வுகூடங்களையும் வகுப்புகளையும் மாணவர் விடுதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். அதன் அருகே, தெருவுக்கு மேலாகத் தூண்களில் ரயில் ஓடுகிறது. வந்தாறுமூலையின் அகன்ற வெளியில் படித்தவருக்கு அங்கே முதல் மாதம் மூச்சு முட்டும்.

இசை உண்டு, அதுவே அங்குள்ள துறைகளில் மிகப் பழையது. 1867 இல் தொடங்கிய சிக்காகோ இசைக் கல்லூரி 1954 இல் ரூஸ்வெல்டோடு இணைந்தது. இன்று இசையும் நாடகமும் சேர்ந்து ஆற்றுகைக் கலைக் கல்லூரியாக இயங்குகின்றன. நீங்கள் கற்கும் கருநாடக இசைக்கு அங்கே தனித்துறை இல்லை. மேலைத்தேயச் செவ்விசை, ஜாஸ் ஆகியவைதான். ஏனைய துறைகளில் வணிகமும் உளவியலும் பெயர் பெற்றவை. விருந்தோம்பல் முகாமைத்துவம், கல்வியியல், உயிரியல் ஆகியனவும் உள்ளன. மருந்தாளர் கல்லூரி நகருக்கு வெளியே ஷாம்பர்க் என்ற இடத்தில் 2011 இல் தொடங்கியது. 2020 இல் இலினோய் மாநிலத்தின் ரொபர்ட் மொரிஸ் பல்கலைக்கழகமும் இதனோடு கலந்துவிட்டது. அத்தகைய இணைப்புகள் அங்கே இப்போது அடிக்கடி நடக்கின்றன. பெரிய அறக்கொடை நிதி இல்லாத சிறிய பல்கலைக்கழகங்கள் மாணவர் கட்டணத்தையே நம்பியிருப்பதால், சேர்வோர் குறையும்போது ஒன்றோடொன்று சேர்கின்றன அல்லது மூடப்படுகின்றன. ஆகவே விண்ணப்பிக்கும் கற்கைநெறி இந்த ஆண்டும் நடக்கிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் பாலத்தைத் தாண்டி, இராமகிருஷ்ண மிஷன் இருக்கும் கல்லடிக்கு வகுப்புக்குப் போகிறவராக இருந்தால், அந்த மிஷனை நிறுவியவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லலாம். சுவாமி விவேகானந்தர் 1893 இல் சர்வமத மகாசபையில் உரையாற்றிய மண்டபம், இன்றைய சிக்காகோ கலைக்கூடக் கட்டடத்தில் இருந்தது. அதே மிச்சிகன் அவெனியூவில், ரூஸ்வெல்டின் வாசலிலிருந்து சில நிமிட நடையில் அது இருக்கிறது.

மாணவரை இனவாரியாக எண்ணக்கூடாது என்று ஒருவர் பதவி துறந்ததாக நீங்கள் முன்பும் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நமது மாவட்டக் கோட்டாவும் தவறா? என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கோட்டாவினால்தான் பொறியியலாளர்களானார்கள்.
— ஓய்வுபெற்ற அதிபர், காரைதீவு

ஐயா, தவறு என்று நான் சொல்லமாட்டேன். கோட்டா என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சிக்காகோவில் அஞ்சப்பட்ட கோட்டா மேல் வரம்பு: திறமை இருந்தாலும் இத்தனை பேருக்கு மேல் உள்ளே வரக்கூடாது என்பது. நமது மாவட்டக் கோட்டா கீழ் வரம்பு: வசதி குறைந்த இடத்திலிருந்து இத்தனை பேராவது உள்ளே வரட்டும் என்பது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையின் அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகையின் அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் அடங்கும்.

ஆனால் இந்தப் பிரிப்பு எப்படி வந்தது என்பது உங்கள் தலைமுறைக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலில், தமிழில் பரீட்சை எழுதியவரிடம் கூடிய புள்ளி கேட்கப்பட்டது. அது ஸ்பார்லிங் அஞ்சிய கணக்குக்கு மிகக் கிட்டியது. அதன் பின்னால் வந்த மாவட்டக் கோட்டாவில் யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தபோது, நமது பிள்ளைகளுக்குக் கதவு சற்றுத் திறந்தது. ஒரே பத்தாண்டுக்குள் எண்ணிக்கை ஒன்று நம்மை வெளியே தள்ளியது, இன்னொன்று உள்ளே இழுத்தது. ஒரு நிருவாகம் நம்மை எண்ணும்போது, எதற்காக எண்ணுகிறது என்பதைக் கேட்டறிந்த பின்பே அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க முடியும். ஸ்பார்லிங்கும் அதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகம் இயல்பான ஒன்றென்றால், இலங்கையில் மட்டும் அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?
— ஓர் இளைஞர், அக்கரைப்பற்று

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான நாள் முதல், பல்கலைக்கழகம் என்றால் அரசாங்கத்தினுடையது என்பதே நம் பழக்கம். இலவசக் கல்வியும் அதே பத்தாண்டில் வந்ததால் இரண்டும் ஒன்றாகவே மனத்தில் பதிந்துவிட்டன. எதிர்ப்பு வெடித்த இரண்டு முறையும் சண்டை மருத்துவத்தைச் சுற்றியே நடந்தது. 1981 இல் ராகமையில் தொடங்கிய வட கொழும்பு மருத்துவக் கல்லூரியை, மாணவர் போராட்டங்களின் பின் 1989 இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. 1991 இல் அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. மாலபேயில் இயங்கிய சைட்டம் நிறுவனத்தின் மருத்துவப் பட்டதாரிகளைப் பதிவுசெய்ய மருத்துவ சபை மறுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஜனவரியில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தும் வேலைநிறுத்தங்கள் ஓயாமல், அவ்வாண்டு இறுதிக்குள் அதைக் கலைக்கும் முடிவு வந்து, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார்கள். இதற்கிடையில், 1999 இல் தகவல் தொழில்நுட்பத்துக்கெனத் தொடங்கிய ஸ்லிட் போன்றவை பெரிய சத்தமில்லாமல் வளர்ந்துவிட்டன. கணினிக்கு எவரும் மறியல் செய்யவில்லை.

நமது மாவட்டத்தில் புணானையில் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றுக்கென எழுந்த பெரிய கட்டடத் தொகுதியை எல்லோரும் பொலன்னறுவை வீதியில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 2020 இல் அது கொரோனாத் தனிமைப்படுத்தல் நிலையமாயிற்று. 2023 இல் உரியவர்களிடம் திரும்பியது. கட்டடம் எழுப்புவது எவ்வளவு இலகு, பட்டம் வழங்கும் உரிமை எவ்வளவு தூரம் என்பதற்கு அதைவிடக் கிட்டிய உதாரணம் தேவையில்லை.

ஒரு தனியார் நிறுவனத்தின் பட்டம் செல்லுபடியாகுமா என்று சாதாரண பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு தந்தை, ஏறாவூர்

என் உறவுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிள்ளை, நகரத்தில் கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கிய நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டு படித்தாள். சான்றிதழ் தடித்த தாளில், பொன் முத்திரையும் நாடாவும் வைத்து, சட்டமிட்டு மாட்டும் அளவுக்கு அழகாக இருந்தது. அரச நேர்முகப் பரீட்சையில் அதைக் கையில் எடுத்த அலுவலர் முத்திரையைப் பார்க்கவேயில்லை. தாளின் அடியில் இருந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒரு பட்டியலில் தேடினார், காணவில்லை என்றார், அடுத்தவரை அழைத்தார். பிள்ளையின் தாய் விற்ற காப்புகளை நான் கண்ணால் கண்டவன் என்பதால் இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், பட்டத்தை வழங்குவது யார் என்று பாருங்கள். வகுப்பு நடத்துபவரும் பட்டம் வழங்குபவரும் ஒருவராகவே இருக்கவேண்டியதில்லை. உள்நாட்டு நிறுவனமே பட்டம் வழங்குவதானால், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அமைச்சர் அதை வர்த்தமானியில் அறிவித்திருக்க வேண்டும். அதிலும் நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் என்று பெயர் குறித்தே அறிவிப்பார்கள்; ஒரு பட்டத்துக்குக் கிடைத்ததைக் காட்டி வேறொன்றுக்கு ஆள் சேர்ப்பது நடக்கக்கூடியது. வெளிநாட்டுப் பட்டமானால், அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் கைநூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ இருக்கிறதா என்பதைத்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது. சேருமுன்பே ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேட்கலாம். எழுத்தில் வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது பட்டத்தின் நிறை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பன்னிரண்டு படிகள் உண்டு. பொதுப் பட்டம் ஐந்தாம் படி, அதற்கு 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் ஆறாம் படி, அதற்கு 120. ஒரு கிரெடிட் என்பது, வீட்டில் படிப்பது உட்பட, ஏறத்தாழ 50 மணி நேர உழைப்பு. வார இறுதியில் அரை நாள் வந்தால் ஒன்றரை ஆண்டில் பட்டம் என்று எவராவது சொன்னால் ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள், கணக்கு வராது. மருத்துவம், சட்டம், பொறியியல் போன்றவற்றுக்குப் பட்டத்துக்கு அப்பால் அந்தந்தத் தொழிலின் சபையும் ஏற்க வேண்டும். சட்டத்தரணியாக வேண்டுமென்றால் எந்தப் பட்டம் பெற்றாலும் இறுதியில் இலங்கைச் சட்டக் கல்லூரியின் வாசலுக்கே வர வேண்டும்.

வெளிநாடும் வேண்டாம், இலட்சக்கணக்கில் கட்டவும் வழியில்லை. ஊரோடு இருந்து படிக்க என்ன உண்டு?
— ஒரு மாணவி, திருக்கோவில்

திறந்த பல்கலைக்கழகம் உண்டு. 1980 முதல் இயங்கும் அரச பல்கலைக்கழகம், மட்டக்களப்பில் அதற்கு நிலையமும் இருக்கிறது. சம்மாந்துறையிலும் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களில் கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். கட்டணத் தனியார் பட்டமே வேண்டுமென்றால், உயர்தரத்தில் ஒரே அமர்வில் மூன்று சித்தி பெற்றவர்களுக்கு அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. அதில் எந்தெந்தக் கற்கைநெறிகள் அடங்கும் என்பதை அந்த ஆண்டின் அறிவித்தலிலேயே பார்க்க வேண்டும்.

முதற் கேள்வியை அனுப்பிய தாயின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது: "படிக்கும்போதே வேலை செய்து கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று தம்பி சொல்கிறார். அது நடக்குமா?"

நடக்காது அம்மா. மாணவர் விசாவில் இருப்பவர், தவணை நடக்கும் காலத்தில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். அது சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் காணும், கட்டணத்துக்குக் காணாது. பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் ஓர் ஆண்டுச் செலவு முழுவதும் எழுதப்பட்டிருக்கும். உங்கள் தம்பி அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். புலமைப்பரிசிலாக எவ்வளவு கழிப்பார்கள், அது நான்கு ஆண்டுக்குமா முதலாண்டுக்கு மட்டுமா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

இன்னொரு வழியை அங்குள்ளவர்கள் பலரும் கைக்கொள்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளைக் கட்டணம் குறைந்த ஈராண்டுக் கல்லூரியில் படித்து, அந்தக் கிரெடிட்டுகளோடு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிக்கொள்வது. சிக்காகோ மாநகரக் கல்லூரிகளுள் ஒன்று ரூஸ்வெல்டுக்கு நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் ஹரோல்ட் வாஷிங்டன் கல்லூரி; மேலே சொன்ன அதே மேயரின் பெயர்தான். எந்தெந்தப் பாடங்களின் கிரெடிட்டை ரூஸ்வெல்ட் ஏற்கும் என்ற பட்டியலை, அங்கே முதற் பாடத்துக்குப் பதியுமுன்பே உங்கள் தம்பி கேட்டு வாங்கட்டும்.